ஓடுகளுக்குப் பதிலாகச் சூரியத் தகடுகள்: கெலுகோர் வரிசை வீட்டுக் கூரையில் செய்த வேலை

பினாங்கு, கெலுகோரில் உள்ள எங்கள் இரண்டு மாடி வரிசை வீட்டின் கிழக்குக் கூரையில், ஓடுகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே சூரியத் தகடுகளைப் பதித்து ஓராண்டு கடந்துவிட்டது. செப்டம்பர், அக்டோபர் அடைமழையும் அதன் பிறகு வரும் ஜனவரி, பிப்ரவரி வெயிலும் கூரையின் மேல் ஒரு சுற்று வந்து போய்விட்டன. கூரை ஒழுகவில்லை, மின்சாரமும் கணக்கிட்ட அளவுக்கு அருகிலேயே கிடைக்கிறது. ஆகவே எந்தெந்த வகைகளைப் பார்த்தோம், எவற்றை ஏன் விலக்கினோம், வேலை எப்படி நடந்தது, எவ்வளவு செலவானது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கூரை நல்ல நிலையில் இருந்திருந்தால் கூரையோடு இணைந்த தகடுகளைப் பற்றி நான் யோசித்திருக்கவே மாட்டேன். வீடு 1980களில் கட்டப்பட்டது. அலை வடிவக் கான்கிரீட் ஓடுகள். அவற்றின் கீழே மரக் குறுக்குச் சட்டங்கள். அதற்கும் கீழே அலுமினியப் படலம். ஓடுகள் இன்னும் திடமாகத்தான் இருந்தன. ஆனால் சீலிங்கின் மேல் ஏறி விளக்கடித்துப் பார்த்தபோது படலம் பல இடங்களில் கிழிந்து தொங்கியது; கீழ் விளிம்பை ஒட்டிய குறுக்குச் சட்டங்களில் ஈரமானியை வைத்தால் 24 விழுக்காடு காட்டியது; ஸ்குரூ டிரைவரின் முனை இரண்டு மூன்று இடங்களில் மரத்துக்குள் எளிதாக இறங்கியது. கைமரங்கள் மட்டும் கெடாமல் இருந்தன. எப்படியும் அந்தப் பக்கத்து ஓடுகளை இறக்கிச் சட்டங்களை மாற்றத்தான் வேண்டும். இறக்கிய ஓடுகளை மீண்டும் அடுக்கி, அவற்றைத் துளைத்துக் கொக்கிகள் பொருத்தி, அதன்மேல் தகடுகளை ஏற்றுவதா, அல்லது ஓடு இருந்த இடத்தில் தகட்டையே கூரையாக வைப்பதா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

அளவெடுக்க லேசர் அளவி ஒன்றும், கைப்பேசியிலேயே இருக்கும் சாய்வுமானியும் போதுமானவையாக இருந்தன. வீட்டின் அகலம் 6.7 மீட்டர், அதாவது வழக்கமான 22 அடி. முகட்டிலிருந்து கீழ் விளிம்பு வரை சரிவின் நீளம் 5.2 மீட்டர். சாய்வு 25 பாகை. முன்பக்கச் சரிவு கிழக்கையும் பின்பக்கச் சரிவு மேற்கையும் பார்க்கின்றன. எங்கள் வீடு நடுவீடு என்பதால் இருபுறமும் ஓடுகள் அண்டை வீடுகளின் ஓடுகளோடு தொடர்ந்து ஓடுகின்றன. இந்தச் சிறிய விவரம் பின்னால் நிறைய நேரத்தைத் தின்றது.

கிழக்கா மேற்கா என்பதற்கு விடை எளிதாகக் கிடைத்தது. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகை அளவே வடக்கே இருப்பதால், இந்தச் சாய்வில் எந்தத் திசையைப் பார்த்தாலும் ஆண்டு மொத்த வெயிலில் பெரிய வேறுபாடு வருவதில்லை. தெற்குச் சரிவுதான் வேண்டும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இங்கே வேறுபாட்டை உண்டாக்குவது மேகமும் மலையும். பிற்பகலில் மழைமேகம் திரள்வது இந்தக் கரையில் வழக்கம். தீவின் நடுவில் ஓடும் மலைத்தொடர் எங்களுக்கு மேற்கே இருப்பதால், மாலை வெயில் சமவெளியில் இருப்பதைவிட முன்னதாகவே மறைந்துவிடுகிறது. மேலும், 1982 முதல் நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுவதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1.20 மணிக்குத்தான். காலை வெயில் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் நேரம் உண்மையில் மிக நீளமானது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, கிழக்குச் சரிவு முழுவதும் தகடு, மேற்குச் சரிவில் ஓடு என்று முடிவு செய்தோம்.

அடுத்தது வகை. எங்களுக்குக் கிடைத்த விலைப்புள்ளிகள் மூன்று வகைகளுக்கானவை.

முதலாவது சூரிய ஓடு. பார்வைக்கு இதைவிட அழகானது வேறில்லை. தெருவிலிருந்து பார்த்தால் கறுப்புத் தட்டை ஓடு வேய்ந்த வீடு என்றுதான் தோன்றும். ஆனால் ஒவ்வோர் ஓடும் சில பத்து வாட் அளவே தருவதால், 5 கிலோவாட்டுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஓடுகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்முனை, ஓர் எதிர்முனை இணைப்பி. அத்தனை இணைப்பிகளும் ஓட்டுக்கடியில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில், வெப்பமான காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டும். தட்டை வடிவ ஓடுகளோடு மட்டுமே அவை பொருந்தும் என்பதால், எங்கள் அலை வடிவ ஓடுகளை இரண்டு சரிவுகளிலும் முழுமையாக மாற்ற வேண்டியிருந்தது; அண்டை வீட்டு ஓடுகளோடு சேரும் இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விற்பனையாளரிடம் தெளிவான பதில் இல்லை. விலை 60,000 ரிங்கிட்டைத் தாண்டியது.

இரண்டாவது, உலோகக் கூரைத் தகட்டின் மேல் ஒட்டப்படும் மெல்லிய சூரிய மின் படலம். எடை மிகவும் குறைவு. கூரையில் துளையே போட வேண்டியதில்லை. ஆனால் படலத்துக்கும் உலோகத்துக்கும் இடையே காற்று போக வழியே இல்லை. நண்பகலில் உலோகக் கூரையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மழை இரைச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்துப் படலம் பழுதானால் கூரைத் தகட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய தடையாகத் தெரிந்தது.

மூன்றாவது, நாங்கள் எடுத்தது: சாதாரண அளவுத் தகடுகளைத் தாங்கும் பாலிபுரோபிலீன் தட்டுகள். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு தட்டு. தட்டுகள் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிந்து, குறுக்குச் சட்டங்களில் திருகப்படுகின்றன. மழைநீரை உண்மையில் தடுத்து இறக்குவது அந்தத் தட்டுதான். தகடு அதன்மேல் கிளிப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, தகடு பழுதானால் கூரையைத் திறக்காமல் தகட்டை மட்டும் கழற்ற முடியும் என்பது. நாங்கள் வாங்கிய தகட்டின் அளவு 1,722 x 1,134 மில்லிமீட்டர். இன்று பல தயாரிப்பாளர்கள் இதே அளவில் தகடு செய்கிறார்கள் என்பதால், ஒரு நிறுவனம் கடையை மூடினாலும் மாற்றுக்கு அலைய வேண்டியிராது. சூரிய ஓட்டுக்கு அந்த உறுதி இல்லை.

விலை பற்றி இடையில் ஒரு குறிப்பு. கூரையோடு இணைந்த தகடுகளுக்கு மலேசியாவில் ஒரு காலத்தில் தனி ஊக்கம் இருந்தது. 2005இல் தொடங்கி 2010 வரை நடந்த கட்டட ஒருங்கிணைப்புச் சூரிய மின் திட்டமும், அதன் பகுதியாக வீடுகளுக்கென்று வந்த சூரியா 1000 ஏலத் திட்டமும் இந்த வகையைப் பழக்கப்படுத்தவே வந்தவை. 2011 இறுதியில் தொடங்கிய மின்கொள்முதல் கட்டண முறையிலும், தகட்டைக் கட்டுமானப் பொருளாகப் பயன்படுத்தினால் அடிப்படை விகிதத்துக்கு மேல் கூடுதல் தொகை இருந்தது. நாங்கள் சேர்ந்த நெம் ரக்யாட் திட்டத்தில், அதாவது வீடுகள் மிஞ்சும் மின்சாரத்தை வெளியே விட்டு ரசீதில் கழித்துக்கொள்ளும் திட்டத்தில், அப்படி எதுவும் இல்லை. தகடு ஓட்டின் மேல் நின்றாலும் ஓடாகவே கிடந்தாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிவுதான். 2024 ஏப்ரலில் தொடங்கிய அரசின் சோலாரிஸ் தள்ளுபடியும் கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட், உச்ச அளவாக 4,000 ரிங்கிட் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரியானதாகவே இருந்தது. ஆகவே கூடுதல் செலவை நியாயப்படுத்த வேண்டியது மின்சாரம் அல்ல, கூரை.

வகையை முடிவு செய்தபின் தகடுகளை நிற்கவைப்பதா படுக்கவைப்பதா என்று பார்த்தோம். நிறுவனம் தந்த முதல் வரைபடத்தில் தகடுகள் நின்றவாக்கில் இருந்தன: ஐந்து நிரல், இரண்டு வரிசை, மொத்தம் பத்து. மூன்றாம் வரிசைக்கு 5.17 மீட்டர் வேண்டும். சரிவின் நீளமோ 5.2 மீட்டர்தான், முகட்டு ஓட்டுக்கும் கீழ் விளிம்பு ஓட்டுக்கும் இடமே இராது. அதையே படுக்கைவாக்கில் வைத்தால் அகலத்தில் மூன்று, உயரத்தில் நான்கு, ஆகப் பன்னிரண்டு. அகலம் 5.17 மீட்டர், உயரம் 4.54 மீட்டர். மேலும் கீழுமாக முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும், இரு பக்கங்களிலும் முக்கால் மீட்டர் அளவும் ஓடு மிஞ்சியது. 435 வாட் தகடு பன்னிரண்டு என்றால் 5.22 கிலோவாட். ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு (தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) அது சரியாகப் பொருந்தியது. தட்டுகளில் படுக்கை வகை தனி என்பதால் ஆர்டரை மாற்ற வேண்டியிருந்தது. தட்டுகள் வந்திறங்கிய பிறகு இதைக் கவனித்திருந்தால் இரண்டு தகடுகளை இழந்திருப்போம்.

ஓடு இறக்கும் வேலையைக் கூரை மேஸ்திரி ஒருவரும் அவருடைய ஆள்களும் செய்தார்கள். ஏறத்தாழ 230 ஓடுகள் இறங்கின. ஓர் ஓடு நாலே கால் கிலோ. ஆகக் கிட்டத்தட்ட ஒரு டன் எடை கைமரங்களின் மேலிருந்து நீங்கியது. அதற்குப் பதிலாக ஏறியது பன்னிரண்டு தகடுகள், ஒவ்வொன்றும் 22 கிலோ, அவற்றோடு தட்டுகளும் விளிம்புத் தகடுகளும். கணக்குப் பார்த்தால் கூரைக்கு 600 கிலோவுக்கு மேல் பாரம் குறைந்திருக்கிறது. ஓட்டின் மேல் தகடு ஏற்றும் முறையில் பாரம் கூடத்தான் செய்யும். ஆனால் எடை குறைந்தால் காற்று தூக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கான்கிரீட் ஓடு தன் எடையாலேயே பாதி கிடக்கிறது, தட்டு அப்படிக் கிடக்காது. அதனால் குறுக்குச் சட்டங்களை ஆணியடிக்காமல், ஒவ்வொரு கைமரத்திலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் இறுக்கச் சொன்னேன். மேஸ்திரி சிரித்தார். “அண்ணே, இது கப்பலா கட்டுறோம்?” என்று கேட்டார். ஆனாலும் செய்து கொடுத்தார்.

இந்த வேலையில் நான் மிக அதிகமாக மெனக்கெட்டது காற்று போகும் வழிக்காக. படிகச் சிலிக்கான் தகட்டின் வாட் அளவு 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் எங்கள் தகட்டில் 0.30 விழுக்காடு குறையும். ஓட்டுக்கு மேல் ஏற்றிய தகட்டுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் காற்று தாராளமாக ஓடும். பதித்த தகட்டுக்கு அந்த வசதி இல்லை. தட்டின் வடிவம் தகட்டுக்கும் தட்டுக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளி தருகிறது, அவ்வளவுதான். அதனால் புதிய அலுமினியப் படலத்தை விரித்த பிறகு, ஒவ்வொரு கைமரத்தின் நீளத்துக்கும் 25 மில்லிமீட்டர் கனமுள்ள சட்டம் ஒன்றை மேலிருந்து கீழாக வைத்து, அதன் மேல் குறுக்குச் சட்டங்களைத் திருகினோம். இப்படிச் செய்தால் படலத்துக்கும் தட்டுக்கும் இடையில் கீழ் விளிம்பிலிருந்து முகடு வரை ஒரு தொடர் வழி கிடைக்கும். படலத்தில் விழும் துளித் தண்ணீரும் தேங்காமல் கீழே போய்விடும். 38 மில்லிமீட்டர் வைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அவ்வளவு உயர்த்தினால் தகடுகள் பக்கத்து ஓடுகளைவிட மேலே துருத்தி நிற்கும். 25 மில்லிமீட்டர் உயர்த்தியதற்கே, இரு பக்கத்து ஓட்டு வரிசைகளின் கீழ் சாய்வாகச் சீவிய மரத்துண்டு வைத்துச் சமன் செய்ய வேண்டியிருந்தது.

தட்டுகளைக் கீழ் வரிசையிலிருந்து மேல் நோக்கிப் பொருத்தினோம். நூல் கட்டி, நீர்மட்டம் பார்த்து முதல் வரிசையை நேராக்குவதற்கு அரை நாள் போனது. அதன் பிறகு மற்றவை மளமளவென்று ஏறின. பழைய கைமரங்கள் நடுவில் பத்து மில்லிமீட்டர் வரை தொய்ந்திருந்ததால் மெல்லிய நெகிழித் துண்டுகளை அடியில் செருகினோம்.

தகடுகளை வைக்கும் முன் தண்ணீர்ச் சோதனை நடந்தது. ஒருவர் தோட்டக் குழாயோடு கூரையில், நான் விளக்கோடு சீலிங்கின் மேல். நடுப்பகுதியில் எங்கும் ஒரு சொட்டு இல்லை. ஆனால் தெற்குப் பக்க விளிம்பில், மேலிருந்து மூன்றாவது ஓட்டு வரிசைக்கு அடியில், படலத்தின் மேல் கோடாக ஈரம் இறங்கியது. விளிம்புத் தகட்டை ஒட்டி வெட்டப்பட்ட ஓட்டின் முனை சரியாக அலையின் பள்ளத்தில் வந்திருந்தது. அந்தப் பள்ளம் நீரையெல்லாம் திரட்டி, அலுமினிய விளிம்பின் மடிப்புக்கு மேலாக எறிந்தது. சிலிக்கான் பசை பூசினால் போதும் என்று ஒருவர் சொன்னார். வெயிலில் நாளடைவில் பிளந்துவிடக்கூடிய பசையை நம்பி 25 ஆண்டு கூரையை விடுவது சரியாகப் படவில்லை. ஓட்டு வரிசையை அரை ஓடு நகர்த்தி, வெட்டு அலையின் மேட்டில் வரும்படி மாற்றி, விளிம்புத் தகட்டின் மடிப்பை 15 மில்லிமீட்டரிலிருந்து 30 மில்லிமீட்டராக உயர்த்தி வளைத்தார்கள். அடுத்த சோதனையில் காய்ந்தே இருந்தது. ஓட்டை நகர்த்தியதன் விளைவு பக்கத்து வீட்டு எல்லைவரை போனது. அந்த வீட்டு அங்கிள் தம் பக்கத்து இரண்டு ஓடுகளைத் தூக்கி வைக்க அனுமதித்ததால்தான் வேலை முடிந்தது. வரிசை வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே அண்டை வீட்டாரிடம் பேசி வைப்பது நல்லது.

மின்சாரப் பகுதியை, மலேசியாவின் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான செடாவில் பதிவு பெற்ற நிறுவனம் செய்தது. அதில் என் பங்கு கேள்வி கேட்பது மட்டும். பன்னிரண்டு தகடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த ஒரே சரம். திறந்த சுற்றில் 470 வோல்ட் அளவு வரும். குளிர்நாடுகளில் வெப்பநிலை இறங்கும்போது வோல்ட் ஏறும் என்று தகடுகளைக் குறைப்பார்கள்; இங்கே விடியற்காலையிலும் 22 பாகைக்குக் கீழே போவது அரிது என்பதால் அந்தக் கவலை இல்லை. நான் பிடிவாதமாக நின்றது இணைப்பிகளில். நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனம் வீட்டுச் சூரிய மின் அமைப்புகளின் தீ விபத்துகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையில், கூரையோடு பதித்த அமைப்புகளையும் சரியாகப் பொருந்தாத இணைப்பிகளையும் சிறப்பாகச் சுட்டியிருந்தது. காரணம் விளங்காத ஒன்றல்ல. இணைப்பி தளர்ந்தால் மின்வில், அதாவது இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி, உண்டாகும். ஓட்டின் மேல் நிற்கும் தகட்டில் அது கான்கிரீட்டின் மேல் பொறியாகச் சிதறும், பதித்த தகட்டிலோ அதன் அருகில் நெகிழித் தட்டும் மரமும் இருக்கின்றன. ஆகவே தகட்டோடு வரும் இணைப்பி எந்தத் தயாரிப்பாளருடையதோ, கூரையில் புதிதாகப் பொருத்தும் இணைப்பிகளும் அதே தயாரிப்பாளருடையவையாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கினேன். ஒவ்வொரு இணைப்பியும் தட்டில் படாமல் தகட்டின் சட்டத்தோடு கிளிப்பில் தொங்குமாறு செய்து, தகடு மூடும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்தோம். சீலிங்கின் மேல் இறங்கும் நேர்மின் (டிசி) கம்பிகள் இரும்புக் குழாய்க்குள் போகின்றன. இடிமின்னல் மிகுந்த நாடு இது என்பதால் நேர்மின், மாறுமின் (ஏசி) இரு பக்கங்களிலும் மின்னெழுச்சித் தடுப்பான்கள் உண்டு. கூரைக்கு அருகிலேயே ஒரு துண்டிப்பான் வைத்தது கூடுதல் செலவு.

மின் விநியோக நிறுவனமான தெனாகா நேஷனல் மீட்டரை மாற்றிய பிறகு மின் உற்பத்தி தொடங்கியது. இங்கேதான் காற்று வழியின் கதை மீண்டும் வந்தது. வேலை நடக்கும்போதே மேல் வரிசையின் நடுத் தகட்டின் முதுகில் ஒரு வெப்ப உணரியை ஒட்டி, அதன் கம்பியைச் சீலிங்கின் மேல் இறக்கியிருந்தேன். மேகமில்லாத ஒரு நண்பகலில் அது 69 பாகை காட்டியது. அதே நேரத்தில், எதிர் வரிசையில் ஓட்டின் மேல் தகடு ஏற்றியிருக்கும் நண்பரின் வீட்டில் அளந்தபோது 57 பாகை. பன்னிரண்டு பாகை என்றால் மூன்றரை விழுக்காட்டுக்கு மேல் இழப்பு. கீழ் விளிம்பில் மைனாவும் எலியும் நுழையாமல் இருக்க அடித்திருந்த வலையின் கண் இரண்டு மில்லிமீட்டர். சாலையோர அங்சானா மரத்தின் பூவும் தூசியும் சேர்ந்து அது பாதி அடைத்துக் கிடந்தது. முகட்டு ஓடுகளோ பழைய முறைப்படி சாந்து வைத்து முழுவதும் மூடப்பட்டிருந்தன. கீழே மூச்சு நுழையவில்லை, மேலே வெளியேறவில்லை. வலையை ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகு வலையாக மாற்றினோம். முகட்டின் சாந்தைத் தட்டியெடுத்துவிட்டு, காற்றை விட்டு மழையைத் தடுக்கும் சுருள் பட்டையை விரித்து ஓடுகளைத் திருகினோம். இதற்கு 1,150 ரிங்கிட். பிறகு அதே மாதிரியான வெயிலில் எங்களுடையது 64, நண்பருடையது 57. ஏழு பாகை வேறுபாட்டை, அதாவது இரண்டு விழுக்காடு இழப்பை, இந்த வகைக் கூரைக்கு நான் கொடுக்கும் வாடகையாக ஏற்றுக்கொண்டுவிட்டேன். சீலிங்கின் மேல் வெக்கை குறைந்திருப்பது மாடி அறையில் உணரும்படி இருக்கிறது.

முதல் ஆண்டு உற்பத்தி 6,200 யூனிட்டை ஒட்டி வந்தது; மாதச் சராசரி 520. பிப்ரவரி மிக நல்ல மாதம், அக்டோபர் மிக மோசம். உற்பத்தி உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். மூன்று மணிக்கு மேல் வரைகோடு விரைவாகச் சரிகிறது. எங்கள் வீட்டுப் பயன்பாடு மாதம் 850 யூனிட் அளவு. நாங்கள் சேர்ந்தபோது இருந்த படிநிலைக் கட்டணத்தில், முதல் 200 யூனிட் 21.8 சென், அடுத்த 100 யூனிட் 33.4 சென், 301 முதல் 600 வரை 51.6 சென், 601 முதல் 900 வரை 54.6 சென் என்று கணக்கிட்டால், 368 ரிங்கிட் ரசீது 92 ரிங்கிட்டாக இறங்கியது. சூரிய மின்சாரம் விலையுயர்ந்த மேல் படிகளையே முதலில் அடித்துச் சென்றதால் வந்த பலன் அது. 2025 ஜூலை முதல் படிநிலை முறை போய், ஆற்றல், கொள்ளளவு, வலையமைப்பு எனத் தனித்தனிக் கட்டணங்கள் வந்துவிட்டன. நெம் திட்டமும் 2025 ஜூன் இறுதியோடு புதிய விண்ணப்பங்களை நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்திருக்கும் சோலார் அத்தாப் திட்டத்தில் சேர்பவர்கள் என்னுடைய சேமிப்புக் கணக்கைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே விடும் மின்சாரத்தைவிட வீட்டுக்குள்ளேயே பயன்படுத்தும் மின்சாரத்துக்கு மதிப்பு கூடும்போது, பிற்பகலில் குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்கு மேற்குச் சரிவும் யோசிக்கத்தக்கதாகிவிடும்.

செலவு இது. தகடுகள் 6,240 ரிங்கிட். இன்வெர்ட்டர் 3,900. தட்டுகள், கிளிப்புகள், விளிம்புத் தகடுகள் 6,300. கம்பி, துண்டிப்பான், தடுப்பான்கள் 2,600. பொருத்து கூலியும் விண்ணப்பச் செலவும் 5,200. ஓடு இறக்குதல், புதிய சட்டங்கள், படலம் 4,800. ஆக 29,040 ரிங்கிட். தள்ளுபடி 4,000 போக 25,040. முகட்டுக்கும் வலைக்கும் பின்னால் ஆன 1,150 தனி. இதே கூரையைப் பழுதுபார்த்து, ஓடுகளை மீண்டும் அடுக்கி, மேலே தகடு ஏற்றுவதற்கு நான் வாங்கிய விலைப்புள்ளிகள் தள்ளுபடி போக 23,000 ரிங்கிட்டில் நின்றன. மூவாயிரம் ரிங்கிட்டுக்கும் சற்று மேலான வேறுபாட்டுக்கு, துளையில்லாத, பாரம் குறைந்த கூரை கிடைத்தது என்று எடுத்துக்கொண்டேன். கூரை நன்றாக இருந்து, ஓடு இறக்கவே தேவையில்லை என்றால் அந்த வேறுபாடு எளிதில் இரட்டிப்பாகிவிடும். அப்போது ஓட்டின் மேல் ஏற்றுவதே சரி. பக்கத்து வீட்டு அங்கிள் தம் கூரையைப் பற்றிக் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். அவர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஓடு மாற்றியிருக்கிறார்.

மறுமுறை செய்வதென்றால் சிலவற்றை மாற்றுவேன். காற்று விடும் முகட்டைத் தொடக்கத்திலேயே போடுவேன். சாரமும் ஆள்களும் இருந்தபோது அது 600 ரிங்கிட்டில் முடிந்திருக்கும். இரண்டாம், மூன்றாம் வரிசைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் விட முடியுமா என்று பார்ப்பேன். இப்போது மேல் வரிசைத் தகட்டைக் கழற்ற வேண்டுமானால் கீழே இருக்கும் இரண்டு தகடுகளை முதலில் எடுக்க வேண்டும். ஒழுகலுக்கான உத்தரவாதத்தையும் மின்சார உத்தரவாதத்தையும் ஒரே நிறுவனத்தின் கையெழுத்தில் கேட்பேன். கூரைக்காரர் தகட்டைக் காட்டுவார், தகட்டுக்காரர் ஓட்டைக் காட்டுவார். எங்கள் தெற்கு விளிம்பில் ஈரம் தெரிந்த அன்றே இது சிறிய அளவில் நடந்தது. இறுதியில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரே தாளில் பத்து ஆண்டு ஒழுகல் உத்தரவாதம் வாங்கினேன்.

மாற்றுப் பொருளாக ஒரு தகடு, இரண்டு தட்டுகள், எட்டுக் கிளிப்புகள், ஒரு சோடி இணைப்பிகள், முப்பது பழைய ஓடுகள் ஆகியவை மாடிப்படியின் கீழ் இருக்கின்றன. தகட்டைச் சந்தையில் எப்போதும் வாங்கிவிடலாம். தட்டின் அச்சு மாறிவிட்டால் அந்த இரண்டு தட்டுகள்தான் கைகொடுக்கும். அதனால் பணம் சிக்கனம் செய்ய நினைப்பவர்கள் தகட்டை விட்டுவிட்டுத் தட்டை மட்டுமாவது கூடுதலாக வாங்கி வைக்கலாம். ஒன்றின் விலை 260 ரிங்கிட்.